ஊரெல்லாம் கட்டினார், வீட்டை இடித்தார்! - ஏரோது மன்னரின் கதை

ஒரு பெரிய கற்சுவர். அதன் இடுக்குகளில் மடித்துச் செருகிய துண்டுச் சீட்டுகள். சுவரில் நெற்றியைச் சாய்த்து வேண்டிக்கொள்ளும் மனிதர்கள். ஜெருசலேம் போகும் உலகத் தலைவர்கள் பலரும் இந்தச் சுவரைத் தொட்டபடி ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். உங்க போனிலும் அந்தப் படம் ஒருமுறையாவது வந்துபோயிருக்கும்.

யூதர்கள் உலகம் முழுவதிலுமிருந்து தேடிவந்து பிரார்த்திக்கும் அந்த மேற்குச் சுவரைக் கட்ட ஆரம்பித்தவர் யார் தெரியுமா? கிறிஸ்துமஸ் நாடகங்களில் அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு, பெத்லகேம் குழந்தைகளைக் கொல்லச் சொல்லி மேடையில் கர்ஜிப்பாரே... அதே ஏரோது ராஜாதான்!

ஒரு சின்ன தெளிவு. பைபிளில் ஏரோது என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வருகிறார்கள். யோவான் ஸ்நானகனின் தலையை வெட்டச் சொன்னவர் இவருடைய மகன், ஏரோது அந்திபாஸ். நாம பார்க்கப்போறது அப்பாவை. வரலாறு இவருக்குக் கொடுத்திருக்கும் பட்டம், மகா ஏரோது. யூதேயாவை 30 வருடங்களுக்கு மேல் ஆண்ட மனிதர். துறைமுகம், கோட்டை, கோயில், அரண்மனை என நாடு முழுக்கக் கட்டித் தள்ளியவர். மனைவி, மாமியார், மச்சான், மூன்று மகன்கள் என சொந்த வீட்டையே அழித்தவரும் இவர்தான்.

இந்த ரெண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் இருந்தன? அதற்கு அவர் பிறந்த வீட்டிலிருந்து ஆரம்பிக்கணும்.

வெளியூர்க்காரன் மகன்

ஏரோது பிறந்தது கி.மு. 73-ஐ ஒட்டி. அப்பா ஆண்டிபேட்டர், யூதேயாவுக்குத் தெற்கே இருந்த இதுமேயா பகுதிக்காரர். அம்மா சைப்ரோஸ், நபத்தேய அரபுக் குலத்துப் பெண். பாறையைக் குடைந்து கட்டிய பெட்ரா நகரம் இருக்கே, அந்த நபத்தேயர்கள்தான்.

இதுமேயர்கள் பரம்பரை யூதர்கள் கிடையாது. ஏரோது பிறப்பதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்னால், யூதேயாவை ஆண்ட ஹஸ்மோனிய வம்சம் அவர்கள் நாட்டைப் பிடித்து, யூத மதத்துக்கு மாற்றியிருந்தது. ஆக, ஏரோது யூதராகத்தான் வளர்ந்தார். ஆனால், எதிரிகள் அவரைப் 'பாதி யூதன்' என்றுதான் ஏளனம் செய்தார்கள். அந்த ஒரு வார்த்தை கடைசிவரை அவரை விடவில்லை.

அப்பா ஆண்டிபேட்டர் பலே கெட்டிக்காரர். கி.மு. 63-ல் ரோமானியத் தளபதி பாம்பே ஜெருசலேமைப் பிடித்தபோதே, இனி காற்று எந்தப் பக்கம் வீசும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அரியணையில் இருந்தது ஹிர்கானஸ் என்ற ஹஸ்மோனியர். நிஜத்தில் ஆட்சியை நடத்தியது ஆண்டிபேட்டர். எகிப்தில் ஜூலியஸ் சீசர் சிக்கிக்கொண்டபோது படையோடு போய் உதவினார். பரிசாக ரோமானியக் குடியுரிமை கிடைத்தது. கி.மு. 47-ல் மூத்த மகன் பஸாயேல் ஜெருசலேமுக்கும், இளைய மகன் ஏரோது கலிலேயாவுக்கும் ஆளுநர்கள் ஆனார்கள். அப்போ ஏரோதுக்கு இருபதுகளின் நடுவில்தான் வயசு.

ரோம் யார் பக்கமோ, அவர் பக்கம் நிற்பது. அப்பாவிடம் ஏரோது கற்ற முதல் பாடம் இது. நாலு வருஷத்தில் அப்பாவை எதிரிகள் விஷம் வைத்துக் கொன்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனை நம்பாதே என்பது இரண்டாவது பாடம்.

ஓடிப்போனவர் ராஜாவாகத் திரும்பினார்

கி.மு. 40. கிழக்கே இருந்து பார்த்தியர்கள் படையெடுத்து வந்தார்கள். ஹிர்கானஸின் தம்பி மகன் ஆண்டிகோனஸை அரியணையில் உட்கார வைத்தார்கள். ஹிர்கானஸின் காதுகளைச் சிதைத்தார்கள். உடலில் ஊனம் உள்ளவர் தலைமை ஆசாரியராக இருக்க முடியாது என்பது யூதச் சட்டம் என்பதால் இந்தக் கொடூரம். பஸாயேல் சிறையில் உயிரை விட்டார்.

ஏரோது என்ன செய்தார்? ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஜெருசலேமை விட்டுத் தப்பினார். வழியில் அம்மா வந்த வண்டி குடை சாய்ந்தது. அம்மா போய்விட்டாள், துரத்துகிறவர்கள் நெருங்கிவிட்டார்கள் என்ற பதற்றத்தில் ஏரோது தன் வாளாலேயே உயிரை விடப் போனார். கூட இருந்தவர்கள் தடுத்தார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார். துரத்தி வந்தவர்களை அங்கேயே திருப்பித் தாக்கி ஜெயித்தார். அந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி மறுபடி வரும்.

குடும்பத்தைச் சாக்கடலை ஒட்டிய மசாடா மலைக்கோட்டையில் விட்டுவிட்டு உதவி தேடி அலைந்தார். நபத்தேய ராஜா கைவிரித்தார். எகிப்துக்குப் போய், கிளியோபாட்ராவைப் பார்த்துவிட்டு, குளிர்காலப் புயலில் கப்பலேறி ரோம் போய்ச் சேர்ந்தார். அங்கே மார்க் ஆண்டனியும் ஆக்டேவியனும் அவரை ஆதரித்தார்கள். ரோமானிய செனட், ஏரோதுதான் யூதேயாவின் ராஜா என்று அறிவித்தது. ஆண்டனி ஒரு பக்கம், ஆக்டேவியன் ஒரு பக்கம் நடக்க, நடுவில் ஏரோது செனட்டை விட்டு வெளியே வந்தார்.

கிரீடம் கிடைத்துவிட்டது. நாடுதான் கையில் இல்லை. ரோமானியப் படையோடு திரும்பிவந்து மூன்று வருடம் போரிட்டு, கி.மு. 37-ல் ஜெருசலேமைப் பிடித்தார். ஆண்டிகோனஸின் தலையை ஆண்டனி வெட்டச் செய்தார்.

இப்போ அந்த ஊர் மக்கள் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்க. பல வருட மோதலில் ரத்தம் பார்த்த நகரம். சொந்த ராஜவம்சத்தைக் கொன்றுவிட்டு, வெளிநாட்டுப் படையோடு ஒருவர் உள்ளே வருகிறார். பாதி யூதர் வேறு. அவரை யார் மனசார ராஜா என்று ஏற்றுக்கொள்வார்கள்?

கல்யாணத்தில் வந்த ராஜ ரத்தம்

ஏரோதுக்கும் இது தெரியும். அதனால்தான் ஜெருசலேமை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தபோதே, நடுவில் சமாரியாவுக்குப் போய் ஒரு கல்யாணம் செய்துகொண்டார். மணப்பெண் மரியாம்னே, ஹஸ்மோனிய இளவரசி. ஹிர்கானஸின் பேத்தி. பேரழகி என்று பெயர். இதற்காக முதல் மனைவி டோரிஸையும், அவள் பெற்ற மகன் ஆண்டிபேட்டரையும் ஏற்கெனவே ஒதுக்கியிருந்தார்.

அரசியல் கணக்கில் பிரமாதமான முடிவு. தன்னிடம் இல்லாத ராஜ ரத்தத்தைத் தாலி கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. பிறக்கப்போகும் பிள்ளைகளை இனி யாரும் பாதி யூதர் என்று சொல்ல முடியாது.

ஆனால், இதில்தான் கண்ணி இருந்தது. இனி அந்த அரண்மனையில் மனைவிக்கு ராஜ ரத்தம், மாமியாருக்கு ராஜ ரத்தம், மச்சானுக்கு ராஜ ரத்தம், நாளைக்குப் பிள்ளைகளுக்கும் ராஜ ரத்தம். இல்லாதது ஒரே ஒருத்தருக்கு. அரியணையில் உட்கார்ந்திருப்பவருக்கு.

ஏரோதின் வீட்டில் நடந்த கொலைகளை வரிசையாக எடுத்துப் பாருங்க. பெரும்பாலானவற்றின் அடியில் இந்த ஒரு கணக்குதான் இருக்கும்.

எரிகோ நீச்சல் குளம்

முதலில் மச்சான். மரியாம்னேயின் தம்பி அரிஸ்டோபுலஸ், 17 வயசுப் பையன். மாமியார் அலெக்ஸாண்ட்ராவின் நெருக்கடி தாங்காமல் அவனைத் தலைமை ஆசாரியர் ஆக்கினார் ஏரோது. கூடாரப் பண்டிகை வந்தது. ஆசாரிய உடையில் அந்த அழகான பையன் பலிபீடத்தில் ஏறி நின்றபோது, கூட்டம் உணர்ச்சிவசப்பட்டு வாழ்த்திக் கோஷம் போட்டது. பழைய ராஜவம்சத்தின் முகத்தை மக்கள் அவனிடம் பார்த்தார்கள்.

அன்றைக்கே அவன் விதி முடிந்தது. கி.மு. 35-ல் எரிகோ அரண்மனையில் விருந்து. வெயில் கொளுத்தியதால் இளைஞர்கள் குளத்தில் குதித்து விளையாடினார்கள். இருட்டும் நேரத்தில், விளையாட்டு போலவே அவனைத் தண்ணீரில் அமுக்கினார்கள். மேலே வரவே இல்லை. ஏரோது பிரமாண்டமாக இறுதிச்சடங்கு நடத்தி, எல்லார் முன்னாலும் அழுதார். வீட்டில் யாரும் நம்பவில்லை. எரிகோவில் அந்த அரண்மனைக் குளங்களைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

ஒரு பேச்சில் தப்பிய தலை

கி.மு. 31-ல் ஆக்டியம் கடற்போர். ஆண்டனியும் கிளியோபாட்ராவும் தோற்றார்கள். ஏரோது அதுவரை ஆண்டனியின் ஆள். ஜெயித்தது ஆக்டேவியன். பின்னாளில் அகஸ்டஸ் சீசர் ஆகப்போகிறவர். ஏரோதின் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அடுத்த வருடம் ரோட்ஸ் தீவில் ஆக்டேவியனைப் பார்க்கப் போனார் ஏரோது. கிரீடத்தைக் கழற்றிவிட்டு, சாதாரண ஆளாக உள்ளே போனார். மழுப்பவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஆண்டனிக்குப் பணமும் தானியமும் கொடுத்தேன், கடைசிவரை விசுவாசமாக இருந்தேன் என்று ஒப்புக்கொண்டார். தான் யாருடைய நண்பன் என்பதைப் பார்க்காமல், எப்படிப்பட்ட நண்பன் என்பதைப் பாருங்கள் என்ற தொனியில் பேசி முடித்தார். ஆக்டேவியன் கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கூடுதல் நிலமும் சேர்த்துக் கொடுத்தார்.

சுற்றியிருக்கும் எல்லாரும் பொய் சொல்லும் இடத்தில் உண்மையைச் சொல்லி ஜெயித்த மனிதர். ஆனால், அந்தப் பயணத்துக்குக் கிளம்பும் முன் அவர் செய்துவிட்டுப் போன ரெண்டு காரியங்கள் இருக்கு. ஒன்று, முதியவர் ஹிர்கானஸைக் கொன்றார். அப்பாவுக்கும் தனக்கும் ஒருகாலத்தில் வாழ்வு கொடுத்தவர் அவர். இரண்டாவது, தான் திரும்பி வராவிட்டால் மரியாம்னேயைக் கொன்றுவிடும்படி காவலாளிக்கு ரகசிய உத்தரவு கொடுத்தார்.

மரியாம்னே

இப்படி ஓர் உத்தரவு போடுவது முதல் முறை இல்லை. மச்சான் சாவுக்கு விளக்கம் சொல்ல ஆண்டனியிடம் போனபோதும் இதையேதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ரெண்டு முறையும் ரகசியம் மரியாம்னேயின் காதுக்கு வந்துவிட்டது. நான் இல்லாவிட்டால் அவள் வேறொருவனுக்குப் போய்விடக் கூடாது என்ற நினைப்பை ஏரோது காதல் என்று நம்பினார். தாத்தாவையும் தம்பியையும் கொன்றவன், தன்னையும் கொல்ல நாள் குறித்துவிட்டுப் போகிறான் என்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெறுப்பை மறைக்கவும் இல்லை.

ஏரோதின் தங்கை சலோமி இந்த விரிசலில் எண்ணெய் ஊற்றினாள். ராஜாவுக்கு மருந்து வைக்கப் பார்க்கிறாள் என்று குற்றச்சாட்டு கிளம்பியது. விசாரணை நடந்தது. கி.மு. 29-ல் மரியாம்னேக்கு மரண தண்டனை. போகும் வழியில், அடுத்தது தன் தலைதான் என்று பயந்த தாய் அலெக்ஸாண்ட்ராவே எல்லார் முன்னாலும் மகளைத் திட்டித் தீர்த்தாள். மரியாம்னே ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் மாறாமல் நடந்துபோனாள்.

அதன் பிறகு ஏரோது உடைந்துபோனார். அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். உயிரோடு இருப்பவளை அழைப்பதுபோல, அவளைக் கூட்டி வாருங்கள் என்று வேலைக்காரர்களை அனுப்புவார். வேட்டைக்குப் போகிறேன் என்று வனாந்தரத்துக்குப் போய்ப் படுத்த படுக்கையானார். அந்தச் சமயத்தில் கோட்டைகளைக் கைப்பற்றப் பார்த்தார் என்று அலெக்ஸாண்ட்ராவும் கொல்லப்பட்டார்.

பிற்கால எழுத்துகள் பலவற்றில் இதைப் பெரிய காதல் சோகமாக எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு நமக்கு இதற்குச் சரியான பெயர் தெரியும். கூட வாழ்கிறவளின் உயிரைத் தன் சொத்து என்று நினைப்பது காதலில் சேராது.

பயத்தில் எழுந்த கட்டடங்கள்

இனி அந்த இன்னொரு ஏரோதைப் பார்ப்போம். இவர் நிஜமாகவே அசத்துவார்.

மத்தியதரைக் கடல் ஓரத்தில் செசரியா. இயற்கையான துறைமுகமே இல்லாத மணல் கரை அது. அங்கே ஒரு துறைமுகம் வேணும் என்றார். மரப்பெட்டிகளைக் கடலில் மிதக்கவிட்டு, இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து நிரப்பி மூழ்கடித்தார்கள். தண்ணீருக்குள்ளேயே இறுகும் கான்கிரீட்! 2,000 வருடங்களுக்கு முன்னால்! அந்தத் துறைமுகம் இன்றைக்குக் கடலுக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. டைவிங் செய்கிறவர்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

மசாடா மலை உச்சியில், பாறை விளிம்பில் மூன்று அடுக்கு அரண்மனை. வறண்ட பாலைவனத்தில், சுமார் 4 கோடி லிட்டர் மழைநீரைச் சேமிக்கும் தொட்டிகள். வருஷக்கணக்கில் தாங்கும் கிடங்குகள். எதற்கு இவ்வளவு? சொந்த மக்கள் கலகம் செய்தால் ஒளிய ஓர் இடம். கிளியோபாட்ரா படையெடுத்தால் ஒளிய ஓர் இடம். ராஜாவான பிறகு அவர் அங்கே ஓடி ஒளிய வேண்டிய நிலை வரவே இல்லை. பயம் மட்டும் தயாராகவே இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேல், ஜெருசலேம் தேவாலயம். கி.மு. 20-ஐ ஒட்டி ஆரம்பித்தார். பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டாமல் போய்விடுவாரோ என்று மக்கள் பயந்தார்கள். தேவையான கல், வண்டி, ஆட்கள் எல்லாவற்றையும் திரட்டி வைத்துவிட்டுத்தான் இடிப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். புனிதப் பகுதிக்குள் ஆசாரியர்கள் மட்டும்தான் நுழையலாம் என்பதால், ஆசாரியர்களுக்கே கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். கோயில் நின்ற மேட்டை அகலப்படுத்த நாலு பக்கமும் பிரமாண்டமான தாங்கு சுவர்கள் எழுந்தன. ஒரு கல்லின் நீளம் மட்டும் 13 மீட்டருக்கு மேல். அந்தத் தாங்கு சுவரின் மேற்குப் பக்கம்தான், இன்றைக்குச் சீட்டு செருகும் சுவர்.

பஞ்சம் வந்தபோது அரண்மனையின் தங்க, வெள்ளிச் சாமான்களை உருக்கி எகிப்தில் தானியம் வாங்கி மக்களுக்குக் கொடுத்ததும் இதே ஏரோதுதான். பணம் இல்லாமல் தள்ளாடிய ஒலிம்பிக் போட்டிகளுக்கு நிதி கொடுத்ததற்காக, கிரேக்கர்கள் அவரை அதன் ஆயுள் காலத் தலைவராகக் கௌரவித்தார்கள்.

அவர் வைத்த பெயர்களைக் கவனியுங்க. சீசருக்காக செசரியா. அகஸ்டஸுக்காக, சமாரியாவின் பெயரை செபாஸ்டே என்று மாற்றினார். ஆண்டனிக்காக அந்தோனியா கோட்டை. அப்பா பெயரில் ஆண்டிபாட்ரிஸ் நகரம், அம்மா பெயரில் சைப்ரோஸ் கோட்டை, அண்ணன் பெயரில் ஒரு கோபுரம். மரியாம்னே பெயரிலும் ஒரு கோபுரம்! கொன்றவள் பெயரைக் கல்லில் வைத்து, ஜெருசலேம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

நம்ம கதைகளில் ராஜா மாறுவேடத்தில் நகர்வலம் போவார், மக்கள் குறையைக் கேட்டுத் தீர்ப்பார். ஏரோதும் மாறுவேடத்தில் போனார் என்று எழுதியிருக்கிறார்கள். தன்னைப் பற்றி யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்க!

மகன்களின் முறை

மரியாம்னே பெற்ற மகன்கள் அலெக்ஸாண்டர், அரிஸ்டோபுலஸ். ரோமில் படித்துவிட்டு வந்தார்கள். அம்மாவின் சாயல், அம்மாவின் ரத்தம். மக்களுக்குப் பிடித்தது. அம்மாவைக் கொன்றவர் மேல் கோபம் இருந்ததும் உண்மை. அத்தை சலோமியும், ஒதுக்கிவைக்கப்பட்டிருந்து இப்போது அரண்மனைக்குத் திரும்பிய டோரிஸின் மகன் ஆண்டிபேட்டரும் அப்பாவின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள். சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலங்கள் சேர்ந்தன. கி.மு. 7-ல் அகஸ்டஸின் அனுமதியோடு விசாரணை நடந்தது. ரெண்டு பேரையும் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

எங்கே தெரியுமா? செபாஸ்டேயில். பழைய பெயர் சமாரியா. முப்பது வருடங்களுக்கு முன்னால் ஏரோது அவர்களின் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்ட அதே ஊரில்.

ஏரோதின் வீட்டில் மகனாக இருப்பதைவிடப் பன்றியாக இருப்பது பாதுகாப்பு என்று அகஸ்டஸ் கேலி செய்ததாகப் பிற்கால ரோமானிய நூல் ஒன்று சொல்கிறது. யூதர்கள் பன்றி சாப்பிட மாட்டார்கள் அல்லவா!

எரிகோவில் கடைசி நாட்கள்

எழுபதை நெருங்கிய ஏரோதின் உடம்பு அழுக ஆரம்பித்தது. தாங்க முடியாத அரிப்பு, வயிற்று வலி, மூச்சுத் திணறல். சாக்கடலுக்கு அந்தப் பக்கம் வெந்நீர் ஊற்றுகளில் குளித்தும் பலன் இல்லை. ராஜா இறந்துவிட்டார் என்ற வதந்தியில், ரெண்டு ஆசிரியர்களின் மாணவர்கள் கோயில் வாசலில் ஏரோது வைத்திருந்த தங்கக் கழுகை வெட்டி இறக்கினார்கள். உருவங்களை வைப்பது சட்டத்துக்கு விரோதம் என்பது அவர்கள் வாதம். ஆசிரியர்களும் கழுகை இறக்கியவர்களும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள்.

ஒருநாள் ஆப்பிள் நறுக்கக் கத்தி கேட்டு வாங்கி, தன்னையே குத்திக்கொள்ளப் போனார். உறவினர் ஒருவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அரண்மனையில் ஓலம் எழுந்தது. கொலைச் சதியில் மாட்டிச் சிறையில் இருந்த ஆண்டிபேட்டர், அப்பா செத்துவிட்டார் என்று நினைத்து, காவலாளியிடம் விடுதலைக்குப் பேரம் பேசினான். விஷயம் ஏரோதுக்குப் போனது. உடனே கொல்லச் சொன்னார். மூன்றாவது மகன்.

ஐந்தாவது நாள் ஏரோதும் இறந்தார். கி.மு. 4.

சாவதற்கு முன் ஓர் உத்தரவு போட்டிருந்தார். நாட்டின் முக்கியஸ்தர்களை எரிகோ பந்தய மைதானத்தில் அடைத்து வைத்து, தன் உயிர் பிரிந்ததும் எல்லாரையும் கொன்றுவிட வேண்டும். தனக்காக யாரும் அழ மாட்டார்கள், தன் சாவு நாளிலாவது நாடு முழுக்க அழுகைச் சத்தம் கேட்கட்டும் என்று. சலோமி அந்த உத்தரவை நிறைவேற்றவில்லை. கதவைத் திறந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

உடலை ஹெரோடியத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். அம்மாவின் வண்டி கவிழ்ந்த அந்த ராத்திரி, துரத்தியவர்களை ஜெயித்த இடத்தில், மண்ணைக் கொட்டி மலையை உயர்த்தித் தன் பெயரிலேயே கட்டிய கோட்டை அது.

பெத்லகேமில் நடந்தது என்ன?

இவ்வளவு படித்த பிறகும் உங்க மனசில் ஒரு கேள்வி இருக்கும். குழந்தைகள் படுகொலை?

மத்தேயு நற்செய்தியில் அது இருக்கிறது. மற்ற மூன்று நற்செய்திகளில் இல்லை. ஏரோதின் குற்றங்களைப் பக்கம் பக்கமாக எழுதிய முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸும் அதைச் சொல்லவில்லை. நம்ம கதையின் பெரும்பகுதி அவர் எழுதி வைத்ததுதான். அதனால் வரலாற்றாய்வாளர்கள் பலர் அது நடந்ததா என்று சந்தேகிக்கிறார்கள். பெத்லகேம் சின்ன கிராமம், பலியானவர்கள் சிலராக இருந்தால் பதிவாகாமல் போயிருக்கலாம் என்பவர்களும் உண்டு. சொந்தப் பிள்ளைகளையே கொன்றவர் என்பதால், கேட்ட யாருக்கும் அது நம்ப முடியாததாகத் தோன்றியிருக்காது.

கி.மு. 4-ல் இறந்தவர் எப்படி இயேசு பிறப்பில் வருவார் என்று குழம்பாதீங்க. கி.பி. ஆண்டுக் கணக்கு ஆறாம் நூற்றாண்டில் ஒரு துறவி போட்டது. அதில் சில வருடங்கள் பிசகியிருக்கின்றன. இயேசு பிறந்தது கி.மு. 6-க்கும் 4-க்கும் இடையில் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு.

மிச்சம் இருப்பது என்ன?

ஏரோதின் சாவுக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் கோயில் வேலை நடந்தது. மேற்குச் சுவரின் ஒரு பகுதிக்கு அடியில், அவர் இறந்து 20 வருடங்களுக்குப் பிறகு அச்சடித்த நாணயங்கள் 2011-ல் கிடைத்தன. ஆரம்பித்தவர் அவர், முடித்தவர்கள் அவர் வாரிசுகள். முழுசாக முடிந்து சில வருடங்களிலேயே, கி.பி. 70-ல் ரோமானியப் படை கோயிலைத் தரைமட்டமாக்கியது. எந்த ரோமை நம்பி அவர் வாழ்ந்தாரோ, அதே ரோம். தப்பிய யூதப் போராளிகள் சிலர் மசாடாவில், ஏரோதின் கிடங்கையும் தொட்டிகளையும் வைத்துக் கடைசிவரை எதிர்த்து நின்றார்கள். அவர் யாருக்குப் பயந்து கட்டினாரோ, அந்த மக்களுக்கே அது கடைசிப் புகலிடம் ஆனது.

இஸ்ரேலியத் தொல்லியலாளர் எஹுத் நெட்ஸர், ஹெரோடியத்தில் 1972 முதல் ஆராய்ந்தவர். 2007-ல் மலைச்சரிவில் ஏரோதின் கல்லறையைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். அது அவருடையதுதானா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே கிடைத்த செந்நிறக் கல் சவப்பெட்டியை யாரோ கோபத்தோடு சுக்குநூறாக உடைத்திருந்தார்கள். 2010-ல் அதே ஹெரோடியத்தில் தவறி விழுந்து நெட்ஸர் இறந்துபோனார்.

கடைசியாக ஒரு காட்சி. கொல்லப்பட்ட மகன் அரிஸ்டோபுலஸுக்கு ஒரு குட்டிப் பையன் இருந்தான். பெயர் அகிரிப்பா. ஏரோதுக்கும் மரியாம்னேக்கும் பேரன். ரோமில் வளர்ந்து, கடனில் மூழ்கி, சிறைக்கும் போய், கடைசியில் கி.பி. 41-ல் தாத்தா ஆண்ட நாடு முழுவதற்கும் ராஜாவானான். கி.பி. 44-ல் இறந்துபோனான்.

யூத மரபு நூலான மிஷ்னா, அகிரிப்பா என்ற ராஜாவைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறது. அது இவன்தான் என்பது பலரின் கருத்து. கூடாரப் பண்டிகை. ஜெருசலேம் தேவாலயம். ராஜா எழுந்து நின்று வேதத்தை வாசிக்கிறான். அந்நியன் ஒருவனை ராஜாவாக வைக்கக் கூடாது என்ற வசனம் வருகிறது. தன் பூர்வீகம் ஞாபகம் வர, அவன் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அங்கே இருந்தவர்கள், பயப்படாதே, நீ எங்கள் சகோதரன் என்று அவனைத் தேற்றுகிறார்கள்.

ஏரோது வாழ்க்கை முழுக்கக் கேட்க ஏங்கிய வார்த்தை அது. அதற்காகத்தான் கல்யாணம் செய்தார், கோயில் கட்டினார், தங்கத்தை உருக்கினார். கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் கொன்றார். அது கடைசியில், அவர் கட்டிய கோயிலிலேயே, அவர் அழிக்கப் பார்த்த ரத்தத்தில் பிறந்த ஒருவனுக்குக் கிடைத்தது. அதுவும், எல்லார் முன்னாலும் அழத் தயங்காத ஒருவனுக்கு.